பழைய ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் சைட்டை மாத்தும்போது எது எது உடையும், எங்க எங்க பாக்கணும்

ட்ரூபல் 6-லயோ (சைட் நடத்துற சாஃப்ட்வேர்) மீடியாவிக்கிலயோ (விக்கி சாஃப்ட்வேர்) பல வருஷமா ஓடிட்டிருக்கிற ப்ராஜெக்ட் சைட், கூடவே ஒரு மெயில்மேன் (மெயிலிங் லிஸ்ட் நடத்துற சாஃப்ட்வேர்) லிஸ்ட், ஒரு டவுன்லோட் ஃபோல்டர், அதுக்குள்ள ஆதி காலத்துலேர்ந்து வந்த டார்பால் (சோர்ஸ் கோடை ஒண்ணா கட்டி வெச்ச ஃபைல்) எல்லாம். இதைத் தூக்கிட்டு ஹ்யூகோ, ஜெகில் மாதிரி டூல்ல ஸ்டாட்டிக் சைட் (டேட்டாபேஸ் இல்லாம வெறும் எச்டிஎம்எல் ஃபைலா இருக்கிறது) வெக்கலாம்னு இறங்குறவங்களுக்கு ஏறக்குறைய அதே எடத்துலதான் இடிக்குது, கேக்குற கேள்வியும் அதேதான். திரும்பத் திரும்ப அதையே டைப் பண்றதுக்கு பதிலா அறிகுறி வாரியா இங்க எழுதி வெக்கிறேன். உங்களுக்கு வந்த பிரச்சனைக்கு நேரா போயிடுங்க, முழுசா படிக்கணும்னு இல்ல.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். பழைய சர்வரை அணைக்காதீங்க. ஃபைல் எல்லாத்தையும் ஒரு டார், டேட்டாபேஸ் ஒரு டம்ப் (முழு நகல் ஃபைல்), மெயில்மேன் ஃபோல்டர் ஒரு டார், மூணையும் ரெண்டு வேற வேற எடத்துல வெச்சுட்டு அப்புறம் கை வைங்க, புது சைட் மேல ஏறினதுக்கு அப்புறமும் பழைய சர்வருக்கு கொஞ்ச மாசம் வாடகை கட்டிட்டே இருங்க. ரெண்டாவது, பழைய பக்கங்களை புது சிஸ்டத்துக்குள்ள மாத்தி ஏத்த முயற்சி பண்ணாதீங்க. அதை எல்லாம் எச்டிஎம்எல்லா எடுத்து இருக்கிறது இருக்கிற மாதிரி உறைய வெச்சுடுங்க. புதுசா செய்ய வேண்டியது முகப்பு, டவுன்லோட், இப்பத்திய டாக்ஸ் (டாக்குமென்டேஷன்), அவ்வளவுதான். க்னோம் 2022-ல மெயிலிங் லிஸ்டை மூடிட்டு டிஸ்கோர்ஸ் ஃபோரம் பக்கம் போனப்போ பழைய ஆர்க்கைவை படிக்க மட்டும் அங்கயே விட்டு வெச்சாங்க பாருங்க, அந்த வழிதான் செலவு கம்மி.

## அறிகுறி: பழைய சைட்டே எழும்ப மாட்டேங்குது, வெள்ளைத் திரை

உறைய வெக்கணும்னாலும் ஒரு தடவையாவது அது ஓடணும் இல்லையா.

முதல்ல ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனல்ல பிஎச்பி வெர்ஷன் என்னன்னு பாருங்க. நிறைய எடத்துல சொல்லாமக்கொள்ளாம ஏத்திடுறாங்க. பிஎச்பி 7 வந்தப்பவே பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் போயிடுச்சு, கையால எழுதின பழைய ஸ்க்ரிப்ட் இருந்தா அங்கயே படுத்துடும். பேனல்லயே 5-க்கு இறக்க முடிஞ்சா இறக்கி, ஒரு நாள் ஓட விட்டு, காப்பி எடுத்துக்கங்க.

இறக்க முடியலைன்னா உங்க மெஷின்ல டாக்கர்ல பிஎச்பி 5.3 ஏத்தி, டம்ப்பை போட்டு அங்க ஓட்டுங்க. வெளிய திறந்து மட்டும் விடாதீங்க. ட்ரூபல் 6-க்கு ஆதரவு 2016 பிப்ரவரியோட முடிஞ்சுது, 2018 மார்ச்ல ட்ரூபல்ல வெளிய வந்த பெரிய பாதுகாப்பு ஓட்டை 6-யும் சேத்துதான் தொட்டுச்சு, அதுக்கு அப்புறமும் இன்டர்நெட்ல நின்னுட்டிருந்த சைட்டுக்குள்ள யாராவது புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால உறைய வெக்கிறதுக்கு முன்னாடி பக்கங்களுக்குள்ள மருந்துக் கடை, சூதாட்ட லிங்க் எதாவது ஒளிஞ்சிருக்கான்னு கிரெப் (எழுத்து தேடுற கமாண்ட்) போட்டுப் பாருங்க, அப்லோட் ஃபோல்டர்ல பிஎச்பி ஃபைல் ஒண்ணு கூட இருக்கக் கூடாது.

ஆள் கூப்பிட வேண்டிய கட்டம்: டம்ப் இல்ல, மைஎஸ்கியூஎல் டேட்டா ஃபோல்டர் மட்டும்தான் இருக்கு, அதுவும் பாதின்னா. முழு ஃபோல்டரும் இருந்தா அதே வெர்ஷன் மைஎஸ்கியூஎல்ல வெச்சு எழுப்பிப் பாக்கலாம். இன்னோடிபியோட பொது ஃபைல் காணாம போய் டேபிள் ஃபைல் மட்டும் தனியா இருந்தா டேட்டாபேஸ் மீட்பு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட குடுங்க. அதுலயும் ஒரிஜினலை குடுக்காதீங்க, காப்பிதான்.

## அறிகுறி: காப்பி எடுக்க விட்டது முடியவே மாட்டேங்குது

டபிள்யூகெட்டை (சைட்டை பக்கம் பக்கமா இறக்குற டூல்) விட்டுட்டு தூங்கப் போனா காலைல டிஸ்க் ரொம்பியிருக்கும், ஆனா சைட்ல இருக்கிறது சில நூறு பக்கம்தான். மீடியாவிக்கின்னா காரணம் எடிட், ஹிஸ்டரி, டிஃப் லிங்க், ஸ்பெஷல் பக்கம். ட்ரூபல்னா டேபிள் தலைப்பை க்ளிக் பண்ணினா வரிசை மாறுற லிங்க், காலண்டர் இருந்தா 2090 வரைக்கும் போயிட்டே இருக்கும். டபிள்யூகெட்டோட ரிஜெக்ட் ரெஜெக்ஸ் ஆப்ஷன்ல இதை எல்லாம் தள்ளிட்டு திரும்ப ஓட்டுங்க. விக்கி ஹிஸ்டரியும் வேணும்னா அதை க்ரால் பண்ணி எடுக்காதீங்க, மீடியாவிக்கிக்குள்ளயே எக்ஸ்எம்எல் டம்ப் எடுக்கிற ஸ்க்ரிப்ட் இருக்கு, அந்த ஒரு ஃபைலை ஆர்க்கைவ்ல போட்டு வெச்சா போதும், படிக்கிறவன் படிச்சுக்குவான்.

டபிள்யூகெட் 1.14-லேர்ந்து வார்க் (வெப் ஆர்க்கைவ் ஃபார்மட்) ஃபைலாவும் எழுதும், அந்த ஆப்ஷனையும் சேத்தே போட்டுடுங்க. பின்னாடி எச்டிஎம்எல் காப்பில ஏதாவது சந்தேகம் வந்தா சர்வர் அன்னைக்கு என்ன அனுப்பிச்சுதுன்னு ஹெடரோட அதுல இருக்கும்.

## அறிகுறி: பழைய லிங்க் 404 அடிக்குது

404-ன்னா அப்படி ஒரு பக்கம் இல்லைன்னு சர்வர் சொல்ற கோட். இதுலதான் நேரம் போகும், அதனால பிரிச்சுப் பாக்கலாம். முதல்ல கையில ஒரு லிஸ்ட் வேணும். பழைய சர்வரோட ஆக்சஸ் லாக்ல 200 (பக்கம் சரியா போச்சுன்னு அர்த்தம்) வந்த அட்ரஸ் எல்லாத்தையும் எடுத்து, வேபேக் மெஷின்கிட்ட (பழைய வெப் பக்கங்களை சேத்து வெக்கிற சைட்) உங்க டொமைனுக்கு இருக்கிற அட்ரஸ் பட்டியலையும் கேட்டு வாங்கி, ரெண்டையும் சேத்து டூப்ளிகேட் தூக்கிட்டு, ஒவ்வொண்ணையும் கர்ல் கமாண்ட்ல ஹெடர் மட்டும் கேட்டு கோட் என்ன வருதுன்னு ஓட்டுங்க. இந்த லிஸ்ட் இல்லாம ரீடைரக்ட் எழுதுறவங்க யார் புகார் பண்றாங்களோ அந்த ஒரு லிங்க்கை மட்டும் சரி பண்ணிட்டே வருஷக்கணக்கா இருக்காங்க.

### எல்லா பக்கமும் 404

பெரும்பாலும் சின்ன விஷயம். புது ஹோஸ்ட்ல எச்டிஅக்சஸ் ஃபைலை படிக்கவே அனுமதி இருக்காது, இல்ல அப்பாச்சிலேர்ந்து என்ஜின்எக்ஸுக்கு மாறியிருப்பீங்க, அது அந்த ஃபைலை கண்டுக்கவே கண்டுக்காது.

### கேள்விக்குறி இருக்கிற அட்ரஸ் மட்டும் 404

அப்பாச்சியோட சாதா ரீடைரக்ட் கட்டளை கேள்விக்குறிக்கு அப்புறம் இருக்கிறதை பாக்காது, அதுக்கு ரீரைட் கண்டிஷன்ல க்வெரி ஸ்ட்ரிங்கை சோதிக்கணும். என்ஜின்எக்ஸ்னா ஒரு மேப் ப்ளாக் எழுதி பழைய முழு அட்ரஸ் இடது பக்கம், புது அட்ரஸ் வலது பக்கம்னு வெச்சுடுங்க, ஆயிரக்கணக்கா இருந்தாலும் தாங்கும்.

ட்ரூபல் ஆளுங்க இங்க ஒண்ணு கவனிங்க. ஒரே பக்கத்துக்கு மூணு அட்ரஸ் வேலை செஞ்சிருக்கும்: அழகான பேர் வெச்ச அட்ரஸ், நோட் நம்பர் போட்ட அட்ரஸ், க்ளீன் யூஆர்எல் போடுறதுக்கு முன்னாடி க்யூன்னு கேள்விக்குறி வெச்சு வந்த அட்ரஸ். வெளியூர் டாக்ஸ்ல எல்லாம் பாதிக்குப் பாதி மூணாவதுதான் இருக்கும். அலையஸ் டேபிள் டேட்டாபேஸ்ல இருக்கு, அதை எடுத்தா மூணுக்கும் மேப் ஒரே ஸ்க்ரிப்ட்ல எழுதிடலாம்.

### பெரிய எழுத்து சின்ன எழுத்து குழப்பம்

விக்கில இன்ஸ்டால்னு பெரிய எழுத்துல ஒரு பக்கம், சின்ன எழுத்துல ஒரு பக்கம் இருந்திருக்கும். அதை மேக்லயோ விண்டோஸ்லயோ வெச்சு காப்பி எடுத்தா ரெண்டாவது வந்தது முதலாவது மேல எழுதிட்டு போயிடும், எரர் எதுவும் காட்டாது. சரி பண்ண வழி ஒண்ணுதான், லினக்ஸ் மெஷின்ல திரும்ப எடுக்கணும்.

### தமிழ் பேர் வெச்ச பக்கம் மட்டும் 404

இது நம்மாளுங்களுக்குன்னே வர்றது. ரெண்டு வகை இருக்கு, பாத்த உடனே பிரிச்சுடலாம்.

ஃபைல் பேர்ல த, ப, ம எல்லாம் ஒழுங்கா இருந்து க, ச, ட, அப்புறம் புள்ளி, உகரம் இதெல்லாம் மட்டும் சதவீதக் குறியும் நம்பருமா உடைஞ்சு கெடக்கா? அது டபிள்யூகெட் வேலை. 128-லேர்ந்து 159 வரைக்கும் இருக்கிற பைட் எல்லாத்தையும் அது கன்ட்ரோல் எழுத்துன்னு நெனச்சு மாத்திடும், யூடிஎஃப்-8-ல நம்ம க, ச, ட, புள்ளியோட கடைசி பைட் எல்லாம் சரியா அந்த ரேஞ்சுக்குள்ளதான் விழுது. ரெஸ்ட்ரிக்ட்-ஃபைல்-நேம்ஸ் ஆப்ஷனுக்கு நோகன்ட்ரோல்னு மதிப்பு குடுத்து திரும்ப எடுங்க.

கொ, கோ, கௌ மாதிரி எழுத்து வர்ற பக்கம் மட்டும் 404-ன்னா அது வேற. யூனிகோட்ல கொ-வோட குறியை ஒரே குறியாவும் வெக்கலாம், ஒற்றைக் கொம்பு தனி கால் தனின்னு ரெண்டாவும் வெக்கலாம், கண்ணுக்கு ஒண்ணுதான், பைட் வேற. பழைய மேக்கோட எச்எஃப்எஸ் ப்ளஸ் எல்லாத்தையும் பிரிச்சு வெக்கும். அங்கேர்ந்து லினக்ஸ் சர்வருக்கு வந்த ஃபைலை ப்ரவுசர் சேத்த குறியா கேக்கும்போது அப்படி ஒரு ஃபைல் இல்லைன்னு சொல்லிடும். கன்வ்எம்வின்னு ஒரு சின்ன டூல் இருக்கு, அதை என்எஃப்சி ஆப்ஷனோட ஓட்டினா பேர் எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும். முதல்ல சும்மா ஓட்டிக் காட்டும், நிஜமா மாத்த தனி ஆப்ஷன் குடுக்கணும்.

இன்னொண்ணு, தலைப்பு ரொம்ப நீளமா இருந்தா சதவீதக் குறியா மாத்தி ஃபைல் பேரா வெக்கவே முடியாது. ஒரு தமிழ்க் குறிக்கு 9 எழுத்து ஆகுது, லினக்ஸ்ல ஃபைல் பேருக்கு 255 பைட்தான், 28 குறிக்கு மேல போனா அவ்வளவுதான். பேரை மாத்தாம நேரடி தமிழ்லயே வெச்சா 85 வரைக்கும் தாங்கும்.

### பக்கம் வருது, ஆனா சரியான எடத்துக்கு குதிக்கல

அட்ரஸ்ல ஹேஷ் (#) குறிக்கு அப்புறம் இருக்கிறது சர்வருக்கே வராது, அதனால ரீடைரக்ட்ல ஒண்ணும் பண்ண முடியாது. பழைய மீடியாவிக்கி தமிழ்த் தலைப்பு ஆங்கரை புள்ளி புள்ளியா வெச்ச கோடா எழுதும், 2017-ல வந்த 1.30-லேர்ந்துதான் நேரடி தமிழ்ல வெக்க வழி வந்துச்சு. உறைய வெச்ச எச்டிஎம்எல்ல பழைய ஐடி அப்படியே இருக்கும், கை வெக்காதீங்க, வேலை செய்யும். புது டாக்ஸ்ல மட்டும் முக்கியமான தலைப்புக்கு பழைய ஐடியையும் ஒண்ணு சேத்து வைங்க.

### ரீடைரக்ட் பிரவுசர்ல ஓடுது, ஸ்க்ரிப்ட்ல ஓடல

கிட்ஹப் பேஜஸ்ல வெச்சிருப்பீங்க. அங்க நிஜமான 301 (நிரந்தரமா எடம் மாறிடுச்சுன்னு சர்வரே சொல்ற கோட்) குடுக்க முடியாது, ஜெகில் ப்ளக்இன்னும் ஹ்யூகோ அலையஸும் பண்றது ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை வெச்சு பிரவுசரை தள்ளி விடுற வேலைதான். டார்பாலை எடுக்க வந்த ஸ்க்ரிப்ட் அந்த எச்டிஎம்எல்லை டார்பால்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிடும். அதுவும் இல்லாம பப்ளிஷ் ஆன சைட்டுக்கு 1 ஜிபி, ஒரு ஃபைலுக்கு 100 எம்பின்னு வரம்பு இருக்கு, பழைய ரிலீஸ் எல்லாம் சேந்தா தாண்டிடும். ஆர்க்கைவுக்கு ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து என்ஜின்எக்ஸ் வெக்கிறதுதான் என் கணக்குல நிம்மதி.

ரீடைரக்ட் சோதிக்கும்போது 302 (தற்காலிக மாற்றம்) போட்டு சோதிங்க, எல்லாம் சரின்னு ஆனப்புறம் 301. தப்பான 301-ஐ ப்ரவுசர் மனசுல வெச்சுக்கும், அப்புறம் நீங்க சரி பண்ணினாலும் பாக்க வந்தவருக்கு பழசுதான் ஓடும்.

## அறிகுறி: தமிழ் எல்லாம் பூச்சி பூச்சியா தெரியுது

### சர்வர் ஹெடர்

டேட்டாபேஸை தொடுறதுக்கு முன்னாடி ஹெடரை பாருங்க. பக்கத்துக்குள்ள மெட்டா டேக் என்ன சொன்னாலும் சர்வர் அனுப்புற கேரக்டர் செட்தான் ஜெயிக்கும். 2001, 2002 கால பக்கங்கள் டிஸ்கில (யூனிகோடுக்கு முந்தின தமிழ் எழுத்து முறை) எழுதினதா இருந்தா மெட்டால யூசர் டிஃபைன்ட்னு போட்டிருப்பாங்க, புது என்ஜின்எக்ஸ்ல கேரக்டர் செட் செட்டிங் போட்டிருந்தா எல்லாத்துக்கும் யூடிஎஃப்-8-ன்னு சீல் குத்தி அனுப்பும், அப்போ கறுப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறியா வரும். அந்தப் பழைய ஃபோல்டருக்கு மட்டும் கேரக்டர் செட் அனுப்பாம விட்டா பாதி வேலை முடிஞ்சுது.

### டேட்டாபேஸ்

ஏ மேல கோடு போட்ட எழுத்தும் வட்டத்துக்குள்ள ஆர் போட்ட குறியும் மாறி மாறி வந்தா அது யூடிஎஃப்-8-ஐ லத்தின்1-னு படிச்ச கேஸ். மைஎஸ்கியூஎல் 8 வர்ற வரைக்கும் டீஃபால்ட்டே லத்தின்1-தான், பழைய சைட்ல பாதி இந்தக் கதைதான்.

இதுக்கு ஒரு நிச்சயமான சோதனை இருக்கு. "தமிழ்"னு மட்டும் இருக்கிற ஒரு வரி, டேக் பேரோ கேட்டகரியோ, உங்க டேட்டாபேஸ்ல கண்டிப்பா எங்கயாவது இருக்கும். அதுக்கு லெங்த் (பைட் எண்ணிக்கை), கேர் லெங்த் (குறி எண்ணிக்கை) ரெண்டு ஃபங்ஷனும் போட்டுப் பாருங்க. அந்தச் சொல்லுல யூனிகோட் கணக்குப்படி அஞ்சு குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொண்ணும் மூணு பைட்.

15, 5-ன்னு வந்தா டேட்டா சரியா இருக்கு, கனெக்ஷன் செட்டிங்கை பாருங்க.

15, 15-ன்னு வந்தா பைட் எல்லாம் சரி, லேபிள்தான் தப்பு. டேபிள்ல அந்த நெடுவரிசையை (column) முதல்ல ப்ளாப்பா (வெறும் பைட்டா) மாத்தி, அப்புறம் யூடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட்டா மாத்துங்க. நேரா லத்தின்1-லேர்ந்து யூடிஎஃப்8-க்கு மாத்தினீங்கன்னா அடுத்த வகைக்கு நீங்களே தள்ளிடுவீங்க.

30, 15-ன்னு வந்தா ரெண்டு தடவை மாத்தியாச்சு, யாரோ முன்னாடி "சரி பண்ணியிருக்காங்க". லத்தின்1-க்கு மாத்தி, பைனரியா காஸ்ட் பண்ணி, திரும்ப யூடிஎஃப்8எம்பி4-ன்னு படிக்கிற ஒரு வரி அப்டேட்ல திரும்பிடும். ஆனா எல்லா வரியும் அப்படித்தான் இருக்குன்னு நிச்சயமா தெரிஞ்சாத்தான் மொத்தமா ஓட்டணும், பாதி நல்ல வரி பாதி கெட்ட வரின்னா நல்லது கெட்டுப் போகும்.

5, 5-ன்னு வந்து உள்ள கேள்விக்குறியா இருந்தா போச்சு, அதுக்குள்ள ஒண்ணும் இல்ல. பழைய டம்ப் தேடணும், இல்லைன்னா வேபேக்ல அந்தப் பக்கம் இருக்கான்னு பாக்கணும்.

### யூனிகோடுக்கு முந்தின பக்கம்

ஹெடரும் சரி, டேட்டாபேஸே இல்ல, வெறும் எச்டிஎம்எல், அப்பவும் புரியலைன்னா சோர்ஸை திறந்து ஃபான்ட் பேர் என்னன்னு பாருங்க. டிஸ்கின்னா அதிர்ஷ்டம், லினக்ஸ்ல இருக்கிற ஐகான்வ் கமாண்டுக்கே டிஸ்கி தெரியும், வேற ஒண்ணும் இன்ஸ்டால் பண்ண வேணாம். டேப், டேம், பாமினி இதெல்லாம் அதுக்குத் தெரியாது, ஓப்பன்-தமிழ் பைத்தான் லைப்ரரில மாத்துற வழி இருக்கு. பாமினில உஷாரா இருங்க, இலங்கை ஆளுங்க எழுதின பழைய பக்கங்கள்ல நிறைய வரும். அதுல தமிழ் எழுத்து எல்லாம் சாதா ஆங்கில எழுத்து எடத்துலயே உக்காந்திருக்கு, ஃபைல் முழுசையும் மாத்தினா எச்டிஎம்எல் டேக், ஆங்கில வாக்கியம் எல்லாம் தமிழ்க் கொழம்பா ஆயிடும். அந்த ஃபான்ட் டேக்குக்கு உள்ள இருக்கிற டெக்ஸ்ட்டை மட்டும் மாத்தணும். மாத்தினது தனி ஃபைல், ஒரிஜினல் பைட் அப்படியே பக்கத்துல.

ஆள் கூப்பிட வேண்டிய கட்டம்: ஒரே டேபிள்ல மூணு வகையும் கலந்து கெடந்து, வரி ஆயிரக்கணக்குல போனா. வரிக்கு வரி எந்த வகைன்னு கண்டுபிடிச்சு மாத்துற ஸ்க்ரிப்ட் எழுதத் தெரிஞ்சவர் வேணும்.

## அறிகுறி: டார்பால் இறங்குது, செக்சம் பொருந்தல

செக்சம்னா ஃபைல் மாறலைன்னு சோதிக்கிற நம்பர். டெபியன், ஜென்டூ, ஹோம்ப்ரூ பேக்கேஜ் பாத்துக்கிறவங்க யாராவது வந்து கேப்பாங்க, அவங்க கேக்குற வரைக்கும் உங்களுக்குத் தெரியாது.

இறங்கின ஃபைலோட சைஸை பாருங்க. ஒரிஜினலை விட பெருசா இருந்து, ஃபைல் கமாண்ட் அதை ஜிசிப்னு சொல்லாம டார்னு சொன்னா, அப்பாச்சி செட்டிங்ல ஜிசிப்புக்கு ஆட்என்கோடிங் போட்டிருக்கு. வழியிலயே பிரிச்சுக் குடுத்துடுறாங்க. அந்த வரியை தூக்குங்க. சில கேபிதான் இருக்குன்னா மேல சொன்ன எச்டிஎம்எல் ரீடைரக்ட்.

சைஸ் கிட்டத்தட்ட அதே, செக்சம் மட்டும் வேறன்னா, யாரோ பழைய டார்பாலுக்கு பதிலா கிட் டேக்லேர்ந்து கிட்ஹப் தானா செஞ்சு குடுக்கிற டார்பாலுக்கு லிங்க் மாத்தியிருக்காங்க. அது பைட்டுக்கு பைட் மாறாம இருக்கும்னு நம்பி வெக்கக் கூடாது. 2023 ஜனவரில கிட் உள்ள கம்ப்ரஷன் பண்ற விதம் மாறி, ஒரே நாள்ல உலகம் பூரா பில்ட் எல்லாம் செக்சம் எரர் அடிச்சு, கிட்ஹப் திருப்பி பழசுக்கே போனாங்க. அன்னைக்கு ரிலீஸ் பண்ணின ஃபைலே வேணும். அப்பாச்சி ஃபவுண்டேஷன் பழைய ரிலீஸ் எல்லாத்தையும் ஆர்க்கைவ் சப்டொமைன்ல அப்படியே வெச்சிருக்காங்க, நம்மளும் அதே மாதிரி ஒரு ஃபோல்டர், உள்ள பேர் மாத்தாம, ஆர்சிங்க்ல தேதி மாறாம காப்பி பண்ணி வெச்சா போதும்.

கையெழுத்து ஃபைலையும் (டார்பாலோட டிஜிட்டல் சிக்னேச்சர்) சேத்து எடுத்தீங்களான்னு பாருங்க, எந்தப் பக்கத்துலயும் லிங்க் இல்லாததால க்ரால்ல மாட்டியிருக்காது. அதை சரிபாக்கிற பப்ளிக் சாவியையும் சைட்லயே வைங்க. பழைய டாக்ஸ் எல்லாம் கை காட்டின எஸ்கேஎஸ் கீசர்வர் கூட்டம் 2021-ல மூடியாச்சு. எம்டி5 மட்டும் இருந்தா ஷா-256 ஒண்ணு புதுசா சேருங்க, பழசை அழிக்காதீங்க.

## அறிகுறி: மெயில் ஆர்க்கைவ்ல லிங்க் வேற மெயிலுக்குப் போகுது, இல்ல ஆர்க்கைவே காலி

காலின்னா சுலபம். மெயில்மேன் 2-ல பப்ளிக் ஃபோல்டர்ல இருக்கிறது எல்லாம் சிம்லிங்க்தான், நிஜ ஃபைல் ப்ரைவேட் ஃபோல்டர்ல. நீங்க சிம்லிங்க்கை காப்பி பண்ணிட்டு வந்திருக்கீங்க.

வேற மெயிலுக்குப் போகுதுன்னா யாரோ எம்பாக்ஸ்லேர்ந்து (எல்லா மெயிலும் ஒரே ஃபைலா இருக்கிறது) ஆர்க்கைவை திரும்ப உருவாக்கியிருக்காங்க. மெயிலுக்குள்ள ஒரு வரி ஃப்ரம்னு ஆரம்பிச்சா பைப்பர்மெயில் (மெயில்மேன் 2-ல ஆர்க்கைவ் பக்கம் உருவாக்குற பகுதி) அதை புது மெயில்னு எடுத்துக்கும், அங்கேர்ந்து பின்னாடி இருக்கிற எல்லா நம்பரும் ஒண்ணு தள்ளிப் போகும். மத்த சைட்ல, கமிட் மெசேஜ்ல, பக் ரிப்போர்ட்ல இருக்கிற லிங்க் எல்லாம் அந்த நம்பரை நம்பித்தான் இருக்கு. பழைய எச்டிஎம்எல் காப்பி இருந்தா அதையே திருப்பி போடுங்க. இல்லைன்னா மெயில்மேனோட வர்ற க்ளீன்ஆர்ச் ஸ்க்ரிப்ட்டை எம்பாக்ஸ் மேல ஓட்டி அப்புறம் உருவாக்கினா பெரும்பாலும் கிட்ட வரும், வேபேக்ல இருக்கிற சில மெயிலோட ஒப்பிட்டுப் பாத்துக்கங்க.

மெயில்மேன் 2-க்கு பைத்தான் 2 வேணும், அதோட காலம் 2020 ஜனவரி 1-ஓட முடிஞ்சுது. அதனால புது சர்வர்ல அதை ஏத்த மெனக்கெடாதீங்க. லிஸ்ட் இன்னும் உயிரோட இருந்தா மெயில்மேன் 3, அதோட ஆர்க்கைவ் காட்டுற ஹைப்பர்கிட்டி. அதுக்குள்ள பழைய எம்பாக்ஸை ஏத்தினாலும் பழைய பைப்பர்மெயில் எச்டிஎம்எல்லை பழைய அட்ரஸ்லயே விட்டு வைங்க, ரெண்டும் இருக்கலாம்.

எச்டிஎம்எல்ல தமிழ் மெயில் கேள்விக்குறியா இருந்தா நம்பிக்கை இழக்க வேணாம், லிஸ்ட் ஆங்கில செட்டிங்ல இருந்தப்போ எச்டிஎம்எல்லுக்கு மாத்துறப்பதான் அப்படி ஆகியிருக்கும், எம்பாக்ஸை திறந்தா மெயில் முழுசா உள்ள இருக்கும், பேஸ்64-ல இருக்கிறதால கண்ணுக்கு தமிழாத் தெரியாது.

யாராவது தன்னோட போன் நம்பரை எடுக்கச் சொல்லி கேட்டா எச்டிஎம்எல்ல எடுத்தா மட்டும் பத்தாது, மாசா மாசம் இருக்கிற ஜிசிப் டெக்ஸ்ட் ஃபைல்லயும் எம்பாக்ஸ்லயும் இருக்கும். எடுத்த எடத்துல எழுத்தை மட்டும் மாத்துங்க, மெயிலையே நீக்கினா திரும்ப நம்பர் கதைதான்.

## சின்னச் சின்ன அறிகுறிகள்

லிஸ்ட் மெயில் திடீர்னு நின்னுடுச்சா? டிஎன்எஸை புது எடத்துக்கு மாத்தும்போது எம்எக்ஸ் ரெக்கார்டை (மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்றது) விட்டுட்டீங்க. எஸ்பிஎஃப் ரெக்கார்டையும் (எந்த சர்வர் மெயில் அனுப்பலாம்னு சொல்றது) பாருங்க. மாத்துறதுக்கு முந்தின நாளே டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிலை எவ்வளவு நேரம் ஞாபகம் வெக்கலாம்கிற செகண்ட் கணக்கு) 300-க்கு இறக்கி வெச்சிருந்தா சரி பண்ணினது சீக்கிரம் தெரியும்.

கூகுள்ல இருந்து சைட்டே காணாம போச்சுன்னா டெஸ்ட் பண்றப்போ ரோபோட்ஸ் ஃபைல்ல எல்லாத்தையும் தடுத்து வெச்சது அப்படியே மேல ஏறியிருக்கும், இல்ல நோஇன்டெக்ஸ் ஹெடர்.

சாஃப்ட்வேரோட பழைய வெர்ஷன் அப்டேட் செக் பண்ண முடியலைன்னு புகார் வந்தா, புது சர்வர் எல்லாத்தையும் எச்டிடிபிஎஸுக்கு தள்ளுது, அந்தப் பழைய ப்ரோக்ராமுக்கு புது டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸுக்கு அடியில இருக்கிற என்க்ரிப்ஷன் முறை) தெரியாது. தெரிஞ்சாலும் லெட்ஸ் என்க்ரிப்ட் (இலவச சர்ட்டிஃபிகேட் தர்றவங்க) சார்ந்திருந்த பழைய ரூட் சர்ட்டிஃபிகேட் 2021 செப்டம்பர் 30-ல காலாவதி ஆனதால பழைய மெஷின்ல இருக்கிற பட்டியல் புது சர்ட்டிஃபிகேட்டை நம்பாது. அந்த வெர்ஷன் நம்பர் ஃபைல் ஒண்ணை மட்டும் சாதா எச்டிடிபில விடுங்க, ஆனா அதுல வெறும் நம்பர் மட்டும்தான் இருக்கணும், அந்த வழியா எதையும் இறக்கி இன்ஸ்டால் பண்ற ப்ரோக்ராமா இருந்தா விடாதீங்க, உடைஞ்சே இருக்கட்டும்.

## அறிகுறி: பக் நம்பர் எதுவும் பொருந்தல

கமிட் மெசேஜ்ல ஹேஷ் 412-ன்னு இருக்கும், கிட்ஹப்ல க்ளிக் பண்ணினா சம்பந்தமே இல்லாத ஒரு புல் ரிக்வெஸ்ட் திறக்கும். கிட்ஹப்ல இஷ்யூவுக்கும் புல் ரிக்வெஸ்டுக்கும் ஒரே நம்பர் வரிசைதான், அதனால ஏற்கனவே புழக்கத்துல இருக்கிற ரெப்போவுக்குள்ள பழைய பக்ஸை அதே நம்பர்ல ஏத்த முடியாது. காலி ரெப்போன்னா வரிசையா ஏத்தி, நடுவுல விட்டுப் போன நம்பருக்கு பொய்யா ஒண்ணு போட்டு பொருத்திடலாம். பைத்தான் ப்ராஜெக்ட் 2022 ஏப்ரல்ல கிட்ஹப்புக்கு போனப்போ நம்பர் மாறத்தான் செஞ்சுது, பழைய ட்ராக்கரை படிக்க மட்டும் விட்டு வெச்சு, பழசுலேர்ந்து புதுசுக்கு வழி காட்டினாங்க. நம்மளும் பழைய ட்ராக்கரை எச்டிஎம்எல்லா உறைய வெச்சு பழைய அட்ரஸ்லயே விடுறது போதும். திறந்திருக்கிற பக்ஸை மட்டும் புது எடத்துக்கு கையால கொண்டு போங்க, அதுல பாதி இப்போ அர்த்தமே இல்லாததா இருக்கும், கேக்குறவங்க இருந்தா அவங்களே வந்து சொல்வாங்க.

## அறிகுறி: பழைய சர்வரே இல்ல, பேக்கப்பும் இல்ல

வேபேக் மெஷின் முதல்ல. அங்கேர்ந்து எடுக்கும்போது தேதி நம்பருக்குப் பின்னாடி ஐடி-ன்னு ரெண்டு எழுத்தும் ஒரு அடிக்கோடும் சேத்துக் கேட்டா மேல பட்டை இல்லாம, லிங்க் மாத்தாம, ஒரிஜினல் பக்கம் வரும். ஒரே தேதி காப்பியை எடுக்காதீங்க, பக்கத்துக்கு பக்கம் கடைசியா 200 வந்த தேதியை எடுங்க.

டார்பாலுக்கு டெபியனோட ஸ்னாப்ஷாட் சர்வர், மத்த டிஸ்ட்ரோக்களோட சோர்ஸ் மிரர். உங்க ப்ராஜெக்ட் எப்பவாவது டெபியன்ல பேக்கேஜா இருந்திருந்தா ஒரிஜினல் டார்பால் அங்க இருக்கும், சில சமயம் அவங்க திரும்ப பேக் பண்ணினதா இருக்கும், பேர்லயே தெரியும். கோட் கூகுள் கோட்ல இருந்துச்சுன்னா 2016-ல மூடினப்போ ஆர்க்கைவா வெச்சுட்டுப் போனாங்க. மூடிப் போன கிட்டோரியஸ் சைட்ல இருந்துச்சுன்னா சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் ஆர்க்கைவ்ல தேடுங்க. மெயிலுக்கு ஜிமேன் (மெயிலிங் லிஸ்ட் ஆர்க்கைவ்) இன்னும் நியூஸ் சர்வரா ஓடுது, உங்க லிஸ்ட் அதுல சேந்திருந்தா மொத்தமும் இழுத்துடலாம். யாஹூ குரூப்ஸ்ல இருந்தது கஷ்டம், 2020 டிசம்பர்ல அதையே மூடிட்டாங்க, பழைய மெம்பர் யாரோட மெயில் பெட்டிலயாவது இருந்தாத்தான் உண்டு, அதை எம்பாக்ஸா எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பச் சொல்லிக் கேளுங்க. கூச்சப்படாம கேளுங்க, பழைய மெயில் எதையும் அழிக்காதவர் ஒருத்தராவது எல்லா லிஸ்ட்லயும் இருப்பார்.

ஹார்ட் டிஸ்க் கையில இருக்கு, ஆனா டக் டக்னு சத்தம் வருதுன்னா உடனே கரண்ட்டை எடுங்க, திரும்ப போட்டுப் பாக்காதீங்க, டேட்டா ரெக்கவரி கடைக்குத்தான். சத்தம் இல்லாம ரீட் எரர் மட்டும்னா டிடிரெஸ்க்யூ வெச்சு முழு டிஸ்கையும் இமேஜா எடுத்து அந்த இமேஜ்ல வேலை பாருங்க.

## அறிகுறி: எல்லாம் ரெடி, டொமைன் கன்ட்ரோல் மட்டும் கையில இல்ல

பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு வாலன்டியர் தன்னோட பேர்ல வாங்கியிருப்பார், இப்போ எங்க இருக்கார்னு தெரியாது. முதல்ல ஹூஇஸ்ல (டொமைன் பதிவு விவரம் காட்டுற தேடல்) காலாவதி தேதி பாருங்க, ரெஜிஸ்ட்ரார் யாருன்னு பாருங்க. பழைய கமிட்ல, லிஸ்ட்ல இருக்கிற மெயில் ஐடிக்கு எல்லாம் எழுதுங்க, ரெஜிஸ்ட்ரார் வழியா ஓனருக்கு மெசேஜ் அனுப்புற ஃபார்ம் இருக்கும், அதையும் போடுங்க. கெடச்சுட்டார்னா ட்ரான்ஸ்ஃபர் கோடு கேட்டு, ப்ராஜெக்ட் பேர்லயோ ஏதாவது ஃபவுண்டேஷன் பேர்லயோ மாத்திடுங்க, இன்னொரு தனி ஆள் பேருக்கு மாத்தாதீங்க.

டாட் ஆர்க் மாதிரி டொமைன் ஏற்கனவே காலாவதி ஆயிடுச்சுன்னாலும் உடனே போயிடாது. ரெஜிஸ்ட்ராரை பொறுத்து 45 நாள் வரைக்கும் சாதாரணமா புதுப்பிக்க முடியும், அதுக்கு அப்புறம் 30 நாள் ரிடெம்ப்ஷன், அதுல நல்லா காசு கேப்பாங்க, அப்புறம் 5 நாள், அதுக்கு மேல யார் வேணா எடுத்துக்கலாம். ரிடெம்ப்ஷனுக்குள்ள வந்துட்டா மெயில் எழுதிட்டு உக்காந்திருக்க நேரம் இல்ல, ஓனர் அக்கவுண்டுக்குள்ள நுழையக் கூடிய யாரையாவது போன்ல பிடிச்சு ரெஜிஸ்ட்ராரோட பேச வைங்க. ஓனர் தர மாட்டேன்னு சொல்றார்னா, இல்ல வேற யாரோ எடுத்து விளம்பரம் போட்டுட்டாங்கன்னா, டொமைன் தகராறு தெரிஞ்ச வக்கீல் வேணும். அவர் ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டுட்டு, பேசாம புது டொமைன் எடுத்து, டிஸ்ட்ரோ ஆளுங்களுக்கும் விக்கிபீடியா பக்கத்துக்கும் புது அட்ரஸை சொல்லிடலாமான்னு முடிவு பண்ணிக்கங்க.